பழுதின் வேர்

மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள்களுள் பழுதுபடாதது என்று ஒன்றும் இல்லை. வண்டியின் அச்சு முறிகிறது. கிணற்றின் உருளை தேய்கிறது. கடிகாரம் ஓடாமல் நின்றுவிடுகிறது. பழுது நேர்வது பொருளின் இயல்பு. அப்பழுதின் காரணத்தைத் தேடிக் கண்டு நீக்குவது அறிவின் தொழில். அச்சு முறிந்த வண்டியில் குறை எங்கே உள்ளது என்பதைக் கண்ணே காட்டிவிடும். ஆனால் கணினியின் நிலை அத்தகையதன்று. அதன் பணியெல்லாம் சிறு சிறு சில்லுகளுக்குள் ஓசையின்றி நடைபெறுகிறது. திரை திடீரென்று இருண்டுவிட்டால், குறை மின்சாரத்தில் உள்ளதா, வடத்தில் உள்ளதா, நினைவட்டையில் உள்ளதா, மென்பொருளில் உள்ளதா என்பதைக் கண் அறியாது. அங்கே கண் செய்ய வேண்டிய தொழிலைக் கருத்துச் செய்தல் வேண்டும்.

கணினியில் நேரும் பிழையை ஆங்கிலத்தில் 'பூச்சி' என்னும் பொருள்படும் சொல்லால் குறிப்பது வழக்கம். பொறிகளில் தோன்றும் குறைகளைப் பொறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவ்வாறு அழைத்தனர். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அச்சொல் மெய்ப்பொருளே பெற்றுவிட்டது. அங்கே 'மார்க் 2' என்னும் பெருங்கணினி தவறாக இயங்கியது. அதனைச் சோதித்தோர், அதன் மின்தொடர்பிகளுள் ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடப்பதைக் கண்டனர். அவர்கள் அப்பூச்சியை எடுத்து எறிந்துவிடவில்லை. பணிக்குறிப்பேட்டில் அதனை ஒட்டி, கண்ட நேரத்தையும் இடத்தையும் அருகில் எழுதி வைத்தனர். அந்த ஏடு இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. பழுதை நீக்கியதோடு அமையாமல் அதனைப் பதிவு செய்தும் வைத்த அச்செயல், இத்துறையில் உழைப்போர் யாவர்க்கும் நல்லதொரு வழிகாட்டியாகும்.

பெருங்கணினிகளின் காலம் சென்று, வீட்டுக் கணினிகளின் காலம் வந்தது. 1981-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏக்கார்ன் என்னும் நிறுவனம் 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் கணினியை வெளியிட்டது. பிரிட்டனின் பள்ளிகள் பலவற்றில் அது இடம் பெற்றது. அதனை இயக்கியவுடன், 'கட்டளை யாது?' என்று வினவுவது போலத் திரையில் ஒரு குறி தோன்றும். கட்டளை எழுதத் தெரிந்த சிறுவர்க்கே அக்கணினி பணி செய்தது. ஆகவே, அதனைப் பயன்படுத்திய சிறுவர்கள் தாமாகவே அதன் இயல்பையும் கற்றுக்கொண்டனர். பின்னர் வந்த கணினிகளோ மூடிய பேழைகளாயின. படத்தைத் தொட்டால் பணி நடந்தது. உள்ளே நடப்பது யாது என்று அறியும் தேவை குறைந்தது. 2006-ஆம் ஆண்டளவில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எபன் அப்டனும் அவர்தம் நண்பர்களும் ஒரு மாற்றத்தைக் கண்டு கவலையுற்றனர். கணினியியல் பயில விரும்பி வந்த மாணவர்களின் தொகை குறைந்துகொண்டு வந்தது. வந்த மாணவர்களிடமும் முந்தைய தலைமுறையினர் பெற்றிருந்த செயலறிவு குறைந்து காணப்பட்டது. பொறியைப் பயன்படுத்துவோர் பெருகினர். பொறியை அறிவோர் அருகினர்.

இக்குறையைப் போக்க விரும்பிய அவர்கள் 2009-ஆம் ஆண்டில் ஓர் அறநிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் 'ராஸ்பெரி பை' என்னும் சிறு கணினி விற்பனைக்கு வந்தது. அது வங்கி அட்டை ஒன்றின் அளவே இருந்தது. விலை 35 அமெரிக்க டாலர். அதற்குப் பேழை இல்லை, விசைப்பலகை இல்லை, திரையும் இல்லை. சில்லுகளும் இணைப்பு வாய்களும் வெளியே தெரியும் பச்சை நிறப் பலகை மட்டுமே உண்டு. விசைப்பலகையையும் திரையையும் வாங்குபவரே இணைத்துக்கொள்ள வேண்டும். இயக்கத்திற்குரிய மென்பொருளை ஒரு நினைவட்டையில் எழுதிச் செருகுதல் வேண்டும். அம்மென்பொருள் லினக்ஸ் என்னும் இயங்குதளம் ஆகும். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ், உலகெங்கும் உள்ள பல்லாயிரவர் உழைப்பால் வளர்ந்தது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். ராஸ்பெரி பையின் மின்சுற்று வடிவம் முழுவதும் அவ்வாறு திறந்துவிடப்பட்டதன்று. ஆயினும் அதன் வரைபடங்களுள் ஒரு பகுதியை அதனை ஆக்கியோர் வெளியிட்டனர். இச்சிறு செய்தியின் பெரும்பயன் பின்னர் விளங்கும்.

இத்தகைய கணினி ஒன்று இயங்க மறுத்தால் செய்யத்தக்கது யாது? அறிவுடையோர் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் மாற்றிவிட மாட்டார்கள். நல்ல மருத்துவர் ஒருவர் நோயாளியின் நாடியையும் நாவையும் வெப்பத்தையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்த பின்னரே மருந்தைக் குறித்து எண்ணுவார். கணினியின் பழுதையும் அவ்வாறே முறைப்படி ஆராய்தல் வேண்டும். அம்முறைக்கு இரண்டு விதிகள் அடிப்படையாகும். எளிய காரணத்தை முதலில் ஆராய்க என்பது ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக என்பது மற்றொன்று. வடத்தையும் நினைவட்டையையும் ஒருங்கே மாற்றியபின் கணினி இயங்கினால், குற்றம் எதனுடையது என்பது தெரியாமலே போய்விடும். பழுது நீங்கியிருக்கும், அறிவு வளர்ந்திராது. மறுமுறை அப்பழுது தோன்றும்போது தொடக்கத்திலிருந்தே தேட நேரும்.

முதலில் ஆராயத்தக்கது மின்சாரம். பலகையில் சிவப்பு விளக்கு ஒன்றும் பச்சை விளக்கு ஒன்றும் உள்ளன. பல மாதிரிகளில் சிவப்பு விளக்கு மின்சாரம் வந்து சேர்வதைக் காட்டும்; பச்சை விளக்கு நினைவட்டை படிக்கப்படும்போது மினுக்கும். சிவப்பு விளக்கு எரியவில்லை எனின், மென்பொருளைக் குறித்து எண்ணுவது வீண்முயற்சி. மின்வழங்கியையும் வடத்தையுமே ஆராய்தல் வேண்டும். இக்கணினிக்கு 5 வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரம் வேண்டும். மின்வழங்கி 5 வோல்ட் தந்தாலும், கணினியை வந்தடைவது 5 வோல்ட்டாக இருக்கும் என்பது உறுதியன்று. வடத்திற்கும் ஒரு மின்தடை உண்டு. மெல்லிய நீண்ட வடம் ஒன்றின் இரு கம்பிகளுக்கும் சேர்த்து 0.25 ஓம் தடை உள்ளதெனக் கொள்க. அதன் வழியே 2 ஆம்பியர் மின்னோட்டம் செல்லுமாயின், ஓமின் விதிப்படி 0.5 வோல்ட் வடத்திலேயே இழக்கப்படும். கணினிக்குக் கிடைப்பது 4.5 வோல்ட்டே. 2014-ஆம் ஆண்டு முதல் வந்த பல மாதிரிகள், அழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியவுடன் எச்சரிக்கை செய்யும். சிவப்பு விளக்கு அணையும். அல்லது திரையில் மின்னல் போன்ற குறி தோன்றும். கணினி சில வேளைகளில் நன்கு இயங்கிச் சில வேளைகளில் காரணமின்றி நின்றுவிடுகிறது என்று பலர் வருந்துவதுண்டு. காரணம் இல்லாமல் இல்லை. கணினிக்குக் கடும்பணி நேரும்போது மின்னோட்டம் மிகுகிறது. மின்னோட்டம் மிகும்போது வடத்தில் இழப்பும் மிகுகிறது. வகுப்பில் கற்ற ஓமின் விதி ஒரு மெல்லிய வடத்திற்குள் மறைந்திருந்து வேலை செய்கிறது!

சிவப்பு விளக்கு எரிந்து, பச்சை விளக்கு சற்றும் மினுக்காதிருப்பின், நினைவட்டை சரியாகச் செருகப்படவில்லை, அல்லது அதிலுள்ள மென்பொருள் சிதைந்துவிட்டது என ஐயுறலாம். அட்டையை எடுத்துத் துடைத்து மீண்டும் செருகுதல் முதற்படி. நன்கு இயங்கும் வேறோர் அட்டையைச் செருகிப் பார்த்தல் இரண்டாம் படி. வேறு அட்டையில் கணினி இயங்குமாயின், பலகையில் குற்றம் இல்லை என்பது தெளிவாகிவிடும். கணினி எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரத்தைத் துண்டிப்பது அட்டை சிதைவதற்குரிய காரணங்களுள் ஒன்று. பாதி எழுதிய கடிதத்தை ஒருவர் கையிலிருந்து பறித்தாற் போன்றது அச்செயல். ஆகவே, நிறுத்துவதற்குரிய கட்டளையை இட்டு, கணினி தன் பணியை முடித்து ஓய்ந்தபின்னரே மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். இரு விளக்குகளும் முறையாக எரிந்தும் திரை மட்டும் இருண்டிருந்தால், திரையை முதலில் இயக்கிப் பின்னர்க் கணினிக்கு மின்சாரம் தந்து பார்க்கலாம். தொடங்கும் வேளையில் திரை இணைந்திருப்பதை உணராவிடின், சில மாதிரிகள் படத்தை அனுப்புவதே இல்லை.

வன்பொருள் சரியாக இருந்து கணினி தொடங்கிவிட்டால், அதனோடு உரையாடி மற்றக் குறைகளை அறியலாம். அவ்வுரையாடல் நிகழும் இடமே கட்டளை வரி. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தொடங்கினர். அக்காலத்தில் கட்டளைகளை மெதுவாக இயங்கும் தொலை அச்சுப்பொறிகளின் வாயிலாகத் தட்டச்சுச் செய்தனர். ஆகவே கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்துகளில் அமைந்தன. அம்மரபில் வந்த லினக்ஸிலும் அக்குறுஞ்சொற்களே வழங்குகின்றன. கோப்புகளின் பெயர்களை வரிசையாகக் காட்டுவது 'எல்.எஸ்.' என்னும் கட்டளை. நினைவட்டையில் எஞ்சியுள்ள இடத்தைக் காட்டுவது 'டி.எஃப்.' என்னும் கட்டளை. எந்தக் கட்டளைக்கும் உரிய விளக்கத்தைத் தருவது 'மேன்' என்னும் கட்டளை. ஐயம் தோன்றும்போது பிறரை நாடுவதற்கு முன்னர் 'மேன்' தரும் கையேட்டை நாடுவது நல்ல பழக்கம்.

கட்டளை வரியில் புதிதாகப் பழகுவோர், கணினி மறுமொழியாகத் தரும் பிழைச் செய்தியைக் கண்டு அஞ்சுவர். படியாமலே அதனை அகற்றிவிடுவர். இது பெருந்தவறு. பிழைச் செய்தி கணினி கூறும் வசை அன்று. அது கணினி அளிக்கும் சான்று. அத்தகைய கட்டளை இல்லை என்று கணினி கூறினால், எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம். அல்லது அம்மென்பொருள் நிறுவப்படாமல் இருக்கலாம். அத்தகைய கோப்பு இல்லை என்று கூறினால், பெயரோ இருப்பிடமோ தவறாக இருக்கலாம். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகக் கருதப்படும். இசைவு இல்லை என்று கூறினால், அச்செயலுக்குரிய உரிமை பயனருக்கு வழங்கப்படவில்லை என்பது பொருள். இடம் இல்லை என்று கூறினால், அட்டை நிரம்பிவிட்டது என்பது பொருள். நான்கு மறுமொழிகளும் நான்கு வெவ்வேறு வழிகளைக் காட்டுகின்றன. அவற்றைப் படியாதவர் நான்கிற்கும் ஒரே மருந்தாக மீண்டும் மீண்டும் கணினியை அணைத்து இயக்கிக்கொண்டிருப்பார்.

திரையில் தோன்றும் செய்திகளையன்றி, கணினி தன் செயல்களைப் பதிவேடுகளிலும் எழுதி வைக்கிறது. எந்த நேரத்தில் எந்தக் கருவி இணைக்கப்பட்டது, எது படிக்க இயலாமற்போயிற்று, எப்போது மின்னழுத்தம் குறைந்தது என்பன போன்ற செய்திகள் அவற்றில் இருக்கும். ஹார்வர்டில் மனிதர் கையால் எழுதிய பணிக்குறிப்பேட்டைக் கணினி தானே எழுதிக்கொள்கிறது எனலாம். பழுது நேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்நேரத்திற்குரிய வரிகளைப் பதிவேட்டில் தேடினால், பெரும்பாலும் காரணத்தின் சுவடு புலப்படும்.

வலைத்தொடர்பு அறுந்துபோன நிலையிலும் இம்முறையே பயன்படும். அதற்குரிய கருவி 'பிங்' என்னும் கட்டளை. அக்கருவி பிறந்ததும் ஒரு பழுதினாலேயே. 1983-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர், தம் ஆய்வுக்கூடத்தின் வலையமைப்பில் நேர்ந்த கோளாற்றை ஆராய்வதற்காக அதனை ஒரே மாலைப் பொழுதில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் கருவி ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது போல, இக்கட்டளை ஒரு சிறு செய்தியை அனுப்பி மறுமொழியை எதிர்நோக்கும். முதலில் 127.0.0.1 என்னும் முகவரிக்குச் செய்தி அனுப்புக. அது கணினி தன்னையே அழைக்கும் முகவரி. பின்னர் வீட்டிலுள்ள வழிச்செலுத்தியை அழைக்க. அதன்பின் வெளியுலகக் கணினி ஒன்றை அதன் எண் முகவரியால் அழைக்க. இறுதியில் அதனையே பெயரால் அழைக்க. எந்தப் படியில் எதிரொலி வரவில்லையோ, அங்கே பழுது உள்ளது. எண்ணால் அழைக்கும்போது மறுமொழி வந்து, பெயரால் அழைக்கும்போது வாராதிருந்தால், வடம் அறுந்துவிடவில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் பணியே தடைப்பட்டுள்ளது என உணரலாம். இவ்வாறு நான்கு சிறு வினாக்கள் ஒரு பெரிய இருளை நான்காகப் பிரித்து ஒளியூட்டுகின்றன.

இவ்வளவு ஆற்றல் வாய்ந்த கட்டளை வரி பொறுப்பையும் கேட்கிறது. 'ஆர்.எம்.' என்னும் கட்டளை கோப்புகளை அழிப்பது. அது பொதுவாக, அழிக்கட்டுமா என்று வினவுவதில்லை. அழித்தவற்றைக் குப்பைக்கூடையில் போட்டு வைப்பதும் இல்லை. தவறான இடத்தில் ஓர் இடைவெளி விட்டாலும், அழிய வேண்டாதது அழிந்துவிடக்கூடும். 'சூடோ' என்னும் சொல்லைக் கட்டளையின் முன் சேர்த்தால், கணினியின் தலைமை உரிமையோடு அக்கட்டளை நிறைவேறும். ஆகவே, எங்கோ கண்ட கட்டளையை, பொருள் அறியாமல் தலைமை உரிமையோடு இடுதல், பெயர் தெரியாத மருந்தை உண்பதற்கு ஒப்பாகும். பழுதைத் தேடத் தொடங்குவதற்கு முன்னர் இன்றியமையாத கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

இங்குக் கூறிய முறை சிறு குறைகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ணற்க. ஆக்கியோரே அறியாதிருந்த குறையையும் அது வெளிப்படுத்திய வரலாறு உண்டு. 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் ராஸ்பெரி பையின் இரண்டாம் மாதிரி வெளிவந்தது. சில நாள்களுக்குள், அதனை வாங்கிய ஒருவர் அது இயங்கிக்கொண்டிருந்தபோது நிழற்படம் எடுத்தார். ஒளிப்படக்கருவியின் விளக்கு பளிச்சிட்டவுடன் கணினி அணைந்துவிட்டது! மீண்டும் படம் எடுத்தார், மீண்டும் அணைந்தது. கணினி நிழற்படத்திற்கு நாணுகிறது என்று பலர் நகையாடினர். ஆயினும் ஆர்வமுடையோர் நகைப்போடு நின்றுவிடவில்லை. கைப்பேசியின் சாதாரண விளக்கைக் காட்டினர், ஒன்றும் நேரவில்லை. செனான் வளிம விளக்கைப் பளிச்சிடச் செய்தனர், கணினி அணைந்தது. லேசர் ஒளியைப் பாய்ச்சினர்; அப்போதும் அணைந்தது. விளக்கிலிருந்து எழும் மின்காந்தத் துடிப்புக் காரணமா, அன்றி ஒளியே காரணமா என்பது அடுத்த வினா. பலகையிலுள்ள சில்லுகளை ஒளி புகாத பசைக்களியால் மூடிச் சோதித்தனர். மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் 'யு 16' என்னும் சிறு சில்லை மூடியபோது, எத்துணைப் பளிச்சிட்டாலும் கணினி அணையவில்லை.

காரணம் அப்போது விளங்கிற்று. பல சில்லுகள் கருநிறப் பிசினால் மூடப்பட்டிருக்கும். அச்சிறு சில்லோ இடத்தைச் சுருக்கும் பொருட்டு அத்தகைய உறையின்றி அமைக்கப்பட்டிருந்தது. சிலிக்கான் மீது ஒளி விழும்போது அதனுள் மின்னூட்டங்கள் விடுபடுகின்றன. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறுவதற்குத் துணை செய்வதும் அவ்வியல்பே. செனான் விளக்கின் கடும் ஒளி ஒரு கணம் அச்சில்லின் செயலைக் குலைத்தது, கணினி அணைந்தது. ஆக்கியோர் இக்குறையை மறைக்க முயலவில்லை. நேர்ந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதன் அறிவியற் காரணத்தையும் அனைவர்க்கும் விளக்கினர். சிறிதளவு பசைக்களி அப்பழுதுக்கு மருந்தாயிற்று. ஆனால் அம்மருந்தைக் காட்டியது, ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்த பொறுமையே ஆகும்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் மற்றொரு நிகழ்ச்சி நடைபெற்றது. 2019-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் நான்காம் மாதிரி வெளிவந்தது. அதற்கு மின்சாரம் தரும் வாய் 'யு.எஸ்.பி. சி' வகையைச் சேர்ந்தது. சிலருடைய கணினி நன்கு இயங்கிற்று. சிலருடையதோ உயிரற்றுக் கிடந்தது. ஒரே மின்வழங்கியைப் பயன்படுத்தியபோதும், ஒரு வடத்தில் இயங்கியது வேறொரு வடத்தில் இயங்கவில்லை. வியப்பு யாதெனில், இயங்காத வடங்கள் பழுதானவை அல்ல. உள்ளே அடையாளச் சில்லு பொருத்தப்பட்ட உயர்ந்த வகை வடங்களே இயங்க மறுத்தன! ஆக்கியோர் வெளியிட்டிருந்த மின்சுற்று வரைபடத்தைப் பொறிஞர் ஒருவர் எடுத்து ஆராய்ந்தார். அவ்வாயிலுள்ள இரண்டு அடையாள முனைகளுக்கும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் மின்தடை ஒவ்வொன்று வைத்தல் விதி. பலகையிலோ இரண்டிற்கும் பொதுவாக ஒரே மின்தடை வைக்கப்பட்டிருந்தது. அதனால், அடையாளச் சில்லுள்ள வடத்தை இணைத்தபோது, மின்வழங்கி அக்கணினியை ஒலிக்கருவி என்று தவறாகக் கருதி மின்சாரம் தர மறுத்தது. ஆக்கியோர் இக்குறையையும் ஒப்புக்கொண்டு, பின்னர் வந்த பலகைகளில் திருத்தினர். வரைபடம் மூடி வைக்கப்பட்டிருப்பின், வெளியிலிருந்த ஒருவர் இதனைத் தெளிவாக நிறுவுதல் எளிதாக இருந்திராது.

திறந்த நிலைக்கு உள்ள மதிப்பு இதனால் நன்கு புலனாகும். அம்மதிப்பை உணர்ந்து ஓர் இயக்கமே தோன்றியது. 1980-ஆம் ஆண்டளவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் இளைஞர் பணியாற்றி வந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கும்போதெல்லாம், காத்திருப்போர்க்குச் செய்தி அனுப்பும்படி அவர் அதன் மென்பொருளைத் திருத்தியிருந்தார். பின்னர்ப் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதிலும் தாள் சிக்கியது. அதனையும் அவ்வாறே திருத்த எண்ணி அதன் மூலநிரலைக் கேட்டார். வெளியிடுவதில்லை என்று உறுதி கூறியிருப்பதால் தர இயலாது என்று அதனை வைத்திருந்தவர் மறுத்துவிட்டார். பழுது கண்ணெதிரே இருந்தது. அதனை நீக்கும் அறிவும் இருந்தது. ஆனால் கதவு பூட்டப்பட்டிருந்தது. அந்த மறுப்பு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய 'க்னூ' என்னும் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அவர் அறிவித்தார். அம்முயற்சியில் உருவான கருவிகளே பின்னர் லினக்ஸோடு சேர்ந்து, சிறு வீட்டுக் கணினிகளிலும் பணி செய்கின்றன. கோப்புகளின் பெயர்களைக் காட்டும் 'எல்.எஸ்.' என்னும் எளிய கட்டளையும் அவற்றுள் ஒன்று.

திறந்த கதவு இருந்தால் மட்டும் போதாது. உள்ளே நுழைந்து பார்க்கும் ஊக்கமும் வேண்டும். மூலநிரல் உலகிற்கே திறந்திருப்பினும், பிழைச் செய்தியைப் படியாதவர்க்கு அது பூட்டிய பேழையே. பிறர் உதவியை நாடுவதிலும் ஒரு முறை உண்டு. 'என் கணினி இயங்கவில்லை' என்று மட்டும் கூறுபவர்க்கு எவரும் உதவ இயலாது. எந்த மாதிரிக் கணினி, எந்த மின்வழங்கி, என்ன செய்தபோது பழுது தோன்றியது, கணினி அளித்த செய்தி யாது, அதன்பின் செய்து பார்த்த சோதனைகள் எவை என்பவற்றை உள்ளவாறே கூறுதல் வேண்டும். தன் தவற்றால் பழுது நேர்ந்திருப்பின் அதனையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். ஒன்றை மறைத்தால், உதவ வந்தவர் தவறான வழியில் நெடுந்தொலைவு செல்ல நேரும். ஆகவே, பழுது நீக்கும் கலைக்கு நுண்ணறிவு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாய்மையும் வேண்டும்.

கணினி சினம் கொள்வதில்லை, வஞ்சம் நினைப்பதில்லை, ஊழ்வினையால் நின்றுவிடுவதும் இல்லை. அதன் ஒவ்வொரு தடுமாற்றத்திற்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணம் மின்தொடர்பியில் சிக்கிய அந்துப்பூச்சியாக இருக்கலாம். மெல்லிய வடத்தில் இழந்த அரை வோல்ட்டாக இருக்கலாம். உறையற்ற சில்லின்மீது விழுந்த ஒளியாக இருக்கலாம். இரண்டாக இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றாக நின்ற மின்தடையாகவும் இருக்கலாம். அதனைக் கண்டவர்கள் எல்லாரும் பெரும்புலவர்கள் அல்லர். ஒளிப்படம் எடுக்க வந்த ஒருவர் கண்ட வியப்பே, கணினி அறிஞர்களுக்கும் ஒரு பாடமாயிற்று. எளியதை முதலில் ஆராய்தல், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல், கண்டதைப் பதிவு செய்தல், உள்ளதை உள்ளவாறே உரைத்தல் ஆகிய இந்நான்கும் கைவரப் பெற்ற மாணவர், கணினிக்குப் பயனராக மட்டும் இராமல், அதனை அறிந்து ஆள்பவராகவும் விளங்குவார். கேம்பிரிட்ஜில் அச்சிறு பலகையை ஆக்கியோர் விரும்பியதும் அதுவே அன்றோ?